காலையில் எங்கே போவார்?

2013 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மசினகுடி கடைத்தெருவில் ஞாயிறு மாலை என்பது பெங்களூர் வண்டிகள் கிளம்பி ஓயும் நேரம். பந்திப்பூர்ச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் ஏழு மணிக்குள் தெரு காலியாகிவிடும். ஜெராக்ஸ் மெஷின்மீது உறையைப் போர்த்திக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பெங்களூரிலிருந்து காட்டுயிர்ப் படம் எடுக்க வரும் நண்பர் ஒருவர் அனுப்பியது. "கிழவர் ரிட்டயர் ஆகிறாராம்" என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. எந்தக் கிழவர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான கிழவர் ஒருவர்தான்: ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி.

அன்று வெனிஸ் திரைப்பட விழாவில் ஸ்டூடியோ ஜிப்லியின் தலைவர் கோஜி ஹோஷினோ அந்தச் செய்தியை அறிவித்திருந்தார். 'தி விண்ட் ரைசஸ்' படத்தோடு மியாசாகி முழுநீளப் படங்களிலிருந்து விலகுகிறார். அவருக்கு அப்போது வயது 72. அது அவருடைய 11-வது முழுநீளப் படம். இதை நான் மறுநாள் தெரிந்துகொண்டேன். அன்றிரவு தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. கைபேசியில் இணையம் என்பது ஒரு புள்ளி தோன்றி மறையும் விஷயமாக இருந்தது. ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சுமார் 250 ரூபாய் ஆகும். அதைச் செலவழித்தாலும் படம் திறக்காது, எழுத்து மட்டும் வரும்.

இன்று அதே கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மெஷின் மாறிவிட்டது, உறை மட்டும் பழையது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்து ரூபாய்க்கு ஒன்றரை ஜிபி கிடைக்கிறது. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் சில இடங்களைத் தவிர எங்கும் சிக்னல் இருக்கிறது. மியாசாகியின் படங்கள் அத்தனையும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. அவர் ஓய்வு பெற்றாரா இல்லையா என்பதுதான் இன்றுவரை முடிவாகவில்லை.

அன்று அந்தப் படங்கள் எங்களிடம் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். உதகையின் அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் ஆங்கிலப் படங்கள் வரும். ஆனால் ஜப்பானிய அனிமேஷன் ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை. கூடலூருக்கு வருவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மியாசாகி மசினகுடிக்கு வந்தது டிவிடி வடிவத்தில்தான். பெங்களூர் நண்பர் எழுதி எடுத்துவந்த வட்டுகள், அவற்றின்மேல் மார்க்கர் பேனாவில் படத்தின் பெயர். பிறகு அவை பென் டிரைவ் ஆயின. அவர் மாதத்துக்கொருமுறை வருவார். ஆகவே மாதத்துக்கொரு படம். சில மாதம் மழையில் பாதை அடைத்துப் படமும் வராது.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பதினேழு அங்குல மானிட்டரை மேசைமீது தூக்கிவைத்துப் பார்ப்போம். ஐந்தாறு பேர். ஜீப் ஓட்டும் பையன்கள் இருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், மாவனல்லாவிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெரியவர், அவருடைய பேரன். படம் ஜப்பானிய மொழியில் ஓடும், கீழே ஆங்கில எழுத்து. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் இருவர். எனவே நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். மௌனப்பட காலத்தில் நம் ஊரிலும் ஜப்பானிலும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் உண்டு. எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அந்த வேலையை நான் செய்திருக்கிறேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அந்தப் பெரியவர் தெப்பக்காடு முகாமில் யானைப் பாகனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைத் துணைக்குக் கூட்டிவருவதாகச் சொல்வார். உண்மையில் பேரன்தான் அவருக்குச் சாக்கு. 'பிரின்சஸ் மோனோனோகே' பார்த்த இரவை நான் மறக்கவில்லை. மனிதர்கள் இரும்பு உருக்கக் காட்டை அழிக்கிறார்கள். காட்டுப்பன்றிகளும் ஓநாய்களும் அவர்களை எதிர்த்து இறங்குகின்றன. படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே ஒரு பெரும் பன்றி, உடம்புக்குள் தைத்த இரும்புக் குண்டின் வலி தாங்காமல் சாபமாக மாறி ஊருக்குள் ஓடிவரும். மற்றவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். பன்றிக்கூட்டம் வரும் இடத்தில் ஒருமுறை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, பன்னிக்குக் கோவம் வந்தா முதுகு முடிதான் முதல்ல ஏறும். சரியாப் போட்டிருக்கான். இதைப் போட்டவன் காட்டுல ரொம்ப நாள் உக்காந்திருக்கான்."

அவர் ஊகித்தது தப்பில்லை. அந்தப் படத்தின் காட்டுக்காக 1995 மே மாதம் மியாசாகி தன் ஓவியர்களை ஜப்பானின் தெற்கே உள்ள யாகுஷிமா தீவின் பழங்காட்டுக்குக் கூட்டிப்போனார். படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 தாள் ஓவியங்கள் ஆயின. அவற்றில் சுமார் 80,000-ஐ அவரே தொட்டுத் திருத்தினார் அல்லது மறுபடி வரைந்தார் என்பார்கள். அந்த உழைப்பில் கை ஓய்ந்துதான் 1997-இல் முதல்முறை விலகப்போவதாகப் பேச்சு எழுந்தது. 1998-இல் ஜிப்லியிலிருந்து வெளியேறவும் செய்தார். அடுத்த ஆண்டே திரும்பினார். திரும்பி வந்து எடுத்த 'ஸ்பிரிட்டட் அவே' 2003-இல் ஆஸ்கர் வாங்கியது.

இந்த வரலாறு தெரிந்த ரசிகர்களுக்கு 2013 அறிவிப்பில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் 6 அன்று டோக்கியோவில் சுமார் 600 செய்தியாளர்கள் முன்னால் அமர்ந்த மியாசாகி அதை எதிர்பார்த்தவர்போலத்தான் தொடங்கினார். முன்பும் பலமுறை விலகுவதாகச் சொல்லிக் குழப்பியிருக்கிறேன், இம்முறை மெய்யாகவே என்றார். காரணத்தையும் கணக்காகச் சொன்னார். 'போன்யோ' வந்து 'தி விண்ட் ரைசஸ்' முடிய ஐந்தாண்டு ஆயிற்று. அடுத்ததற்கு ஆறோ ஏழோ ஆகலாம், அதற்குள் வயது எண்பதை நெருங்கிவிடும். இன்னும் பத்தாண்டு வேலை செய்ய ஆசை, ஆனால் அது முழுநீளப் படமாக இருக்காது என்பது அவர் முடிவு. கண்ணும் கையும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஒத்துழைக்கின்றன என்று அளந்துபார்த்த ஒரு தொழிலாளியின் பேச்சாக அது இருந்தது.

நம் நாட்டில் ஓய்வு அறிவிப்பு என்றால் அது பெரும்பாலும் நடிகருடையது. 2024 பிப்ரவரியில் விஜய் சினிமாவை விடப்போவதாகச் சொன்னபோது தமிழ்நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. இயக்குநர்கள் அறிவிப்பதில்லை. ஒரு படம் வருகிறது, அடுத்தது வருவதில்லை, சில ஆண்டுகள் கழித்து அவர் நின்றுவிட்டார் என்று நமக்குத் தெரியவருகிறது. ஓர் இயக்குநர், அதுவும் முகம் திரையில் வராத, நடிகர்களே இல்லாத படங்களின் இயக்குநர் விலகுகிறார் என்பதற்கு உலகம் முழுக்க ஆட்கள் கலங்கியதை அன்று நாங்கள் வியப்போடு படித்தோம். மசினகுடியில் கலங்கியவர்கள் ஐந்தாறு பேர். எங்கள் துக்கத்தை ஊரில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

பெரியவரிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பன்றிப்படம் போட்டவர் ரிட்டயர் ஆகிறார் என்று. அவர் முதலில் கேட்டது பென்ஷன் உண்டா என்பது. இருக்கும் என்றேன். சிறிது நேரம் கழித்து இன்னொன்று கேட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டா காலையில எங்க போவார்?"

அவர் ஓய்வு பெற்று அப்போது மூன்று வருடம். காலையில் தெப்பக்காடு பஸ் பிடித்து முகாமுக்குப் போய், யானைகளுக்குக் கேழ்வரகுக் களியும் கொள்ளும் உருட்டி ஊட்டும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்றுவிட்டு வருவார் என்பது ஊருக்குத் தெரியும். என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

அந்த நாளின் மசினகுடியையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன். சீகூர் சமவெளியில் மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நெருங்கும் இடம் எங்கள் ஊர். யானைகள் இரண்டுக்கும் நடுவே போய்வரும் பாதை எங்கள் வீடுகளை ஒட்டித்தான் போகிறது. காலையில் மாடுகள் நூற்றுக்கணக்கில் காட்டுக்குள் போகும், மாலையில் புழுதியோடு திரும்பும். பாலைவிடச் சாணத்துக்காக வளர்க்கப்பட்ட மாடுகள். சாணம் லாரிகளில் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். பொக்காபுரம் பக்கம் ஒவ்வொரு ஆண்டும் புதிய விடுதி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. யானை வழித்தட வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. வேலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 27 விடுதிகளை மூடி முத்திரை வைக்கச் சொன்னது. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தது. சீல் வைத்த வாசல்களில் இப்போது உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அந்த விடுதிகளில் அறை துடைத்த, சமையல் செய்த, ஜீப் ஓட்டிய எங்கள் ஊர்க்காரர்கள் பலர் வேலை தேடி மைசூருக்கும் கோவைக்கும் போனார்கள். டிவிடி பார்த்த ஜீப் பையன்களில் ஒருவன் அவர்களில் ஒருவன். யானைக்கு வழி கிடைத்தது, அவனுக்கு வழி போயிற்று. இரண்டும் ஒரே தீர்ப்பின் இரண்டு பக்கங்கள். 'மோனோனோகே'யிலும் இரும்பு உருக்கும் ஊரை மியாசாகி கெட்டவர்களின் ஊராகக் காட்டவில்லை. நோயாளிகளுக்கும் விற்கப்பட்ட பெண்களுக்கும் சோறு போடும் ஊர் அது. 2013-இல் அதை ஒரு கதைத் திருப்பமாக ரசித்தோம். 2018-க்குப் பிறகு அது எங்கள் பஞ்சாயத்தின் நிலவரமாகத் தெரிந்தது.

2021 ஜனவரியில் அந்தப் படத்தின் முதல் ஐந்து நிமிடம் எங்கள் ஊரில் நடந்தது. முதுகில் ஆறாத காயத்தோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆண் யானை, ஒரு விடுதிப் பக்கம் வந்தபோது எரியும் டயரை அதன்மேல் வீசினார்கள். காது எரிந்தது. ஜனவரி 19 அன்று தெப்பக்காட்டுக்கு லாரியில் ஏற்றிப் போகும்போது அது செத்தது. அதன் தும்பிக்கையைத் தடவி வனப் பணியாளர் ஒருவர் அழும் காட்சியை நாடே பார்த்தது. மியாசாகியின் பன்றி சாபமிட்டுச் செத்தது. எங்கள் யானை யாரையும் சபிக்காமல் செத்தது. அந்த வாரம் பெரியவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார், எதுவும் பேசவில்லை. படத்தைப் பற்றி நானும் பேசவில்லை.

இதற்கிடையில் மியாசாகி திரும்பியிருந்தார். 2016 நவம்பரில் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி ஓர் ஆவணப்படம் காட்டியது. ஓய்வு பெற்றவர் ஒரு குறும்படத்தைத் தொடங்கி, அது போதாமல், முழுநீளப் படத்துக்கான திட்டத்தை மேசையில் வைப்பதோடு அது முடியும். 2017-இல் தயாரிப்பாளர் டோஷியோ சுசுகி அதை உறுதிசெய்தார். ரசிகர்களின் கலக்கம் கேலியாக மாறியது. எத்தனையாவது ஓய்வு என்று எண்ணத் தொடங்கினார்கள். கேலி செய்தவர்கள்தான் காத்திருக்கவும் செய்தார்கள்.

அந்தக் காத்திருப்பின் நீளத்தைச் சுசுகி சொன்ன இரண்டு கணக்குகளால் அளக்கலாம். 1988-இல் வந்த 'மை நெய்பர் டோட்டோரோ'வை எட்டு ஓவியர்கள் எட்டு மாதத்தில் முடித்தார்கள். புதிய படத்துக்கு 60 ஓவியர்கள் இருந்தார்கள், ஒரு மாதத்தில் வந்தது ஒரு நிமிடப் படம். அன்று அவசரம் இருந்தது, வெளியீட்டுத் தேதி கழுத்தைப் பிடித்தது. இன்று தேதி இல்லை, முடியும்போது முடியட்டும் என்று விட்டார்கள். அன்று அவருடைய கண் எல்லாத் தாளையும் பார்த்தது. இன்று அதே கண்ணுக்கு மற்றவர்களின் கை வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் அவருடைய ஐம்பதாண்டுத் தோழரும் ஜிப்லியை அவரோடு தொடங்கியவருமான இசாவோ தகஹாட்டா 82 வயதில் இறந்தார். படம் அதற்கும் நின்று நகர்ந்திருக்க வேண்டும்.

2023 ஜூலை 14 அன்று படம் ஜப்பானில் வந்தது. முன்னோட்டம் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரே ஒரு சுவரொட்டி. இன்னும் பத்தாண்டு வேலை செய்வேன் என்று 72 வயதில் சொன்னவர், ஏறத்தாழ அந்தப் பத்தாண்டு முடிவில், 82 வயதில், செய்யமாட்டேன் என்று சொன்ன வேலையையே செய்து முடித்திருந்தார். வெளிநாடுகளில் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' என்ற பெயரில் அது போனது. இந்தியத் தியேட்டர்களுக்கு 2024 மே மாதம் வந்தது.

அதே மே மாதம் 7-ஆம் தேதி நீலகிரிக்கு இ-பாஸ் தொடங்கியது. ஊருக்குள் வருகிறவர்களைச் சோதனைச்சாவடியில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது நாங்கள் எதிர்த்திசையில் இறங்கினோம். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம். நான், ஆசிரியர், பெரியவரின் பேரன். பேரன் இப்போது கோவையில் கல்லூரி முடித்து வேலையில் இருக்கிறான். நூறு கிலோமீட்டருக்குமேல் போய், சாய்வு இருக்கையில் உட்கார்ந்து, மியாசாகியை முதன்முதலாகப் பெரிய திரையில் பார்த்தேன். அரங்கில் பாதிக்குமேல் இளைஞர்கள். சிலர் டோட்டோரோ படம் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒவ்வொரு படத்தின் பெயரையும் ஜப்பானிய மொழியில் சொன்னாள். 2013-இல் ஊருக்கு ஐந்தாறு பேர் என்று ஒளிந்துகிடந்த கூட்டம் ஒன்றாக எழுந்துவந்ததுபோல் இருந்தது.

அவர்களில் பலர் மியாசாகியை எங்கே கண்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை மாதம் ஏழாக ஜிப்லியின் 21 படங்களை நெட்ஃபிளிக்ஸ் இறக்கியது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. நாங்கள் இரண்டு வருடம் டிவிடிக்குக் காத்துப் பார்த்ததை அவர்கள் இரண்டு வாரத்தில் பார்த்து முடித்தார்கள். அதன் பின்னால் இன்னொரு கதவும் திறந்தது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம்மவர்களோடு சேர்ந்து தொண்ணூறுகளில் எடுத்த ராமாயண அனிமேஷன் 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படமும் தமிழ் பேசியது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல இப்போது ஆள் தேவையில்லை. என் வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு படத்தை நிறுத்தி, "சரியாப் போட்டிருக்கான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மறுபடி அதைப் பார்த்த அந்த நிறுத்தம் இப்போது இல்லை. இன்று எல்லோரும் தனித்தனியே நிறுத்துகிறார்கள், தனித்தனியே ஓட்டுகிறார்கள்.

ஆஸ்கர் என்ற சொல்லும் எங்கள் பக்கத்தில் பழகிவிட்டது. தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயற்ற குட்டிகளை வளர்த்த கதையை உதகைப் பெண்ணான கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்தார். 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அடுத்த மார்ச்சில் மியாசாகி வாங்கினார், விழாவுக்குப் போகாமலே. அதே 2023 மார்ச் 7 அன்று ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கிக்கு வயது 60 ஆகி ஓய்வு கொடுத்தார்கள். வனத்துறை அணிவகுத்து மரியாதை செய்தது. 99 பணிகளில் இறங்கிய யானை. அதற்கும் ரசிகர்கள் இருந்தார்கள், அவர்களும் கலங்கினார்கள். யானைக்கு ஓய்வு வயது என்று ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற பின்னும் சாப்பாடும் குளியலும் பாகனும் உண்டு, வேலை மட்டும் கிடையாது. அந்த ஏற்பாடு மியாசாகிக்குக் கிடைத்திருந்தால் அவர் ஏற்றிருக்கமாட்டார்.

ரசிகர்கள் ஒரு படைப்பாளிக்கு என்ன திருப்பித்தர முடியும் என்பதற்கு டோக்கியோவின் ஓரத்தில் ஒரு விடை இருக்கிறது. டோட்டோரோ படத்தின் காட்டுக்கு மாதிரியாக இருந்தது சயாமா குன்றுகள். வீட்டுமனைகள் அந்தக் குன்றைத் தின்னத் தொடங்கியபோது 1990-இல் டோட்டோரோவின் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். பெயரையும் உருவத்தையும் மியாசாகி கொடுத்தார். 1991-இல் முதல் துண்டுக் காட்டை வாங்கினார்கள். சிறுகச் சிறுக இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் அந்த நிதியின் கையில் இருக்கின்றன. அங்கே படம் பார்த்தவர்கள் பணம் போட்டுக் காட்டை வாங்கினார்கள். இங்கே நீதிமன்றம் ஆணையிட்டுக் காட்டை மீட்டது. எனக்குத் தெரிந்து எங்கள் வழித்தடத்துக்காக எந்தப் படமும் எடுக்கப்படவில்லை. யானைப் படத்துக்குப் பிறகு வந்த கூட்டம் முகாமில் பொம்மனோடும் பெள்ளியோடும் படம் எடுத்துக்கொண்டு போயிற்று.

படம் என்றதும் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் கடைசி வாரத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் செயலி ஒன்று எந்தப் புகைப்படத்தையும் ஜிப்லி பாணி ஓவியமாக மாற்றத் தொடங்கியது. பத்து நாளில் எங்கள் கடைத்தெருவில் ஜிப்லி என்ற சொல் தெரியாதவர்கள் இல்லை. பேக்கரிக்காரர் தன் குடும்பத்தை ஜிப்லி ஆக்கினார். அரசுக் கணக்குகளிலிருந்து பஞ்சாயத்து உறுப்பினர்வரை ஆனார்கள். 2013-இல் நான் விளக்க முயன்று தோற்ற பெயரைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஊரே சொல்லிற்று. மியாசாகி யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2016-இன் அந்த ஆவணப்படத்திலேயே இதற்கு ஒரு முன்குறிப்பு உண்டு. இளைஞர்கள் சிலர் கணினி தானாகக் கற்று அசைவை உருவாக்கியதைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டுகிறார்கள். தலையை ஊன்றித் தரையில் புழுவாக நகரும் ஓர் உடல். மியாசாகி தன் நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்கிறார். உடல் ஊனத்தால் கையை உயர்த்தித் தட்டுவதே அவருக்குச் சிரமம். அவரை நினைக்கும்போது இதை ரசிக்க முடியவில்லை, இதைச் செய்கிறவர்கள் வலியைப் பற்றி நினைக்கவே இல்லை, இது உயிருக்கே அவமதிப்பு என்ற பொருளில் பேசுகிறார். அறை அமைதியாகிறது.

சித்திரை விடுமுறையில் ஒரு சுற்றுலாத் தம்பதி கடைக்கு வந்தார்கள். தெப்பக்காட்டில் முகாம் யானை பின்னால் தெரிய எடுத்த படத்தை ஜிப்லி ஆக்கியிருந்தார்கள். பெரிய தாளில் அச்சிட்டு லேமினேஷன் போட வேண்டும் என்றார்கள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் முகாமுக்குப் போவதை அவர் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது என் கடைவரைதான். தாள் வெளியே வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த ஆனை?"

அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். பலகையில் படித்ததாகச் சொன்னாள். பெரியவர் தாளை என்னிடம் கொடுத்தார்.

"அது பொம்பளை ஆனை. கொம்பு வெச்சிருக்கான்."

நானும் பார்த்தேன். அழகான இளம்பச்சைப் புல், பஞ்சுமேகம், சிரிக்கும் தம்பதி, பின்னால் ஓர் அடி நீளத் தந்தங்களோடு ஒரு பெண் யானை. நம் நாட்டுப் பெண் யானைக்குத் தந்தம் வெளியே நீண்டிருக்காது. மூலப் புகைப்படத்தில் இல்லை. யாரும் யானையைப் பார்க்காததால் யாருக்கும் உறுத்தவில்லை. தம்பதி சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்கள். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளைகள். அந்தத் தாளை அச்சிட என் மெஷினுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. 60 பேர் ஒரு மாதம் உழைத்தால் வருவதும் ஒரு நிமிடம்தான்.

அவர்கள் போனபின் பெரியவர் கேட்டார்.

"அந்தப் பன்னிப்படக்காரர் இருக்காரா தம்பி?"

"இருக்காருங்கய்யா. எண்பத்துநாலு ஆச்சு."

"ரிட்டயர் ஆனாரே?"

"ஆனாரு. திரும்பி வந்து இன்னொரு படம் எடுத்தாரு. அடுத்ததுக்கும் யோசிக்கிறார்னு சொல்றாங்க."

"காலையில எங்க போறார்?"

பன்னிரண்டு வருடம் முன்பு பதில் இல்லாமல் விட்ட கேள்வி அது. "அதே ஆபீசுக்குத்தான் ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, மாவனல்லா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.